சுண்ணாம்பின் தரமும் அதனுள் அடங்கிய வாயுவும்

கேகாலையிலிருந்து கரவனெல்லைக்குச் செல்லும் பாதையில் உள்ளது புளத்கொகுபிட்டிய. இங்கே மலைச்சரிவுகளில் இறப்பரும் தேயிலையும் வளர்கின்றன. சரிவுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் நெல் விளைகிறது. வீடுகளையும் தோட்ட லயன்களையும் சூழ்ந்த சிறு நிலங்களில் மரக்கறி பயிராகிறது. ஈர வலயத்தைச் சேர்ந்த இப்பிரதேசத்தில் ஆண்டொன்றுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. பயிருக்கு உயிரளிக்கும் அம்மழையே மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டும் போகிறது.

இவ்விழப்பை ஈடுசெய்ய வேண்டுமென்பதைக் கமக்காரர் அறிவர். சுண்ணாம்பு மூடைகளில் வாங்கப்பட்டு, கூலி கொடுத்து ஏற்றப்பட்டு, பின்னர் தலைச்சுமையாக மேட்டுநிலத்துக்குக் கொண்டு செல்லப்படுகிறது. எனினும் இட்ட சுண்ணாம்பு சிலருடைய நிலத்தில் ஒரு போகத்திற்குள் பயன் தருகிறது; வேறு சிலருடைய நிலத்தில் யாதொரு மாற்றத்தையும் காணமுடிவதில்லை. மூடையிலுள்ள பொருளின் தரம் வேறுபடுவது இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். பச்சைக் கற்பொடி, சுட்ட சுண்ணாம்பு, பழுதடைந்த சுண்ணாம்பு, வெண்மணல் ஆகிய யாவும் கண்ணுக்கு வெண்மையாகவே தோன்றும். அவற்றைப் பிரித்தறிய உதவுவது அவற்றிலிருந்து வெளிவரும் வாயுவின் அளவு. அவ்வாயு எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு அளக்கப்படுகிறது, அவ்வளவிலிருந்து கமக்காரர் அறியத்தக்கது யாது என்பன இங்கே விளக்கப்படுகின்றன.

மழை கொண்டுபோகும் சுண்ணாம்பு

மண்ணினுள் வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதனால் காபனீரொட்சைட்டு வாயு உண்டாகிறது. மழைநீர் அவ்வாயுவைக் கரைத்து மென்மையான அமிலமாகி, மண்ணிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்து ஓடைகளிற் சேர்க்கிறது. ஓடைகள் அவற்றைக் களனி கங்கைக்குக் கொண்டு செல்கின்றன. கல்சியம் நீங்கிய இடத்தை ஐதரசனும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. இவ்வாறு உருவானதே இப்பகுதி மேட்டுநிலங்களிற் காணப்படும் செம்மஞ்சட் பொட்சோலிக் மண். அமோனியம் சல்பேற்று, யூரியா போன்ற உரங்களை இடைவிடாது இடுவதனாலும் மண்ணின் அமிலத்தன்மை மேலும் கூடுகிறது.

மண்ணின் அமிலத்தன்மை பீ.எச். என்னும் பெறுமானத்தாற் குறிக்கப்படும். 7 நடுநிலை, அதற்குக் கீழே செல்லச் செல்ல அமிலம் மிகும். பெறுமானம் 5.5இற்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைத் தாக்கும். வேர்கள் தடித்துக் குறுகிப் பக்க வேரின்றி நிற்கும். இட்ட பொசுபரசு உரமும் மண்ணிற் கட்டுண்டுபோகும். போஞ்சி, கோவா, பீற்றூட் முதலியன இத்தகைய மண்ணில் நன்கு வளருவதில்லை. கோவாவின் வேர்களில் முடிச்சு முடிச்சாகத் தோன்றும் வேர்வீக்க நோயும் அமில மண்ணிலேயே மிகுதியாகும்.

பள்ளத்து வயல்களில் நிலைமை சற்று வேறு. மேட்டிலிருந்து கசியும் நீர் கரைந்த இரும்பைக் கொண்டுவந்து சேர்க்கும். வாய்க்காலிற் செந்நிற வண்டலும் நீரின்மேல் எண்ணெய் போன்ற படலமும் தோன்றும். நெல்லின் கீழிலைகளிற் கபிலப் புள்ளிகள் பரவிப் பின்னர் இலை செம்புநிறமாகும். இதுவே இரும்பு நச்சு. இதனைத் தணிக்கும் வழிகளிலும் சுண்ணாம்பு ஒன்றாகும்.

ஒரே பொருளின் மூன்று வடிவங்கள்

சுண்ணாம்புக்கல்லின் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. டொலமைற்றுக் கல்லில் அதனுடன் மகனீசியம் காபனேற்றும் சேர்ந்திருக்கும். இலங்கையின் நடுப்பகுதியிற் கிடைக்கும் பளிங்குருவான சுண்ணாம்புக்கல்லிற் பெருமளவு டொலமைற்றுத் தன்மையுடையது. கல்லை அரைத்தெடுத்த பொடி முதலாவது வடிவம்.

கல்லைச் சூளையிற் கடுமையாகச் சுட்டால் அது காபனீரொட்சைட்டை இழந்து நீறாத சுண்ணாம்பாகிறது. 100 கிலோகிராம் தூய கல்சியம் காபனேற்று 44 கிலோகிராம் வாயுவை இழந்து 56 கிலோகிராம் நீறாத சுண்ணாம்பைத் தரும். இது இரண்டாவது வடிவம். வெப்பத்தினால் ஒரு பொருள் இவ்வாறு வேறு பொருள்களாகப் பிரிவது வெப்பப்பிரிகை எனப்படும்.

அந்த 56 கிலோகிராமுடன் 18 கிலோகிராம் நீர் சேர்ந்தால் அது கொதித்துப் பொரிந்து 74 கிலோகிராம் நீறிய சுண்ணாம்பாகும். இது மூன்றாவது வடிவம். இதனைத் திறந்த வெளியில் வைத்தால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது சிறிதாக உறிஞ்சி, நீரை வெளிவிட்டு, மறுபடியும் 100 கிலோகிராம் காபனேற்றாக மாறும். கல்லிலிருந்து சூளையில் நீங்கிய வாயு மீண்டும் அதனுள்ளே குடிபுகுகிறது.

புளத்கொகுபிட்டிய என்ற பெயரின் முதற்பகுதி சிங்கள மொழியில் வெற்றிலையைக் குறிக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பை மூடி வைக்காவிட்டால் அது காரமிழந்து இறுகுவதை வீட்டுப் பெரியோர் அறிவர். காரமிழப்பது என்பது வாயுவை ஏற்பதே. அச்சுண்ணாம்பிற் சிறிதளவை நீரிற் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரில் ஒரு குழாயினால் மூச்சை ஊதினால் அது பால்நிறமாகும். மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு, கரைந்திருந்த சுண்ணாம்பை மீண்டும் காபனேற்றாக்குவதே காரணம். அவ்வாயுவை அடையாளங் காண்பதற்கு ஆய்வுகூடங்களிலும் இச்சுண்ணாம்பு நீரே பயன்படுகிறது.

நிறை குறைந்தது எங்ஙனம்?

கல்லைச் சுடும்போது நிறை குறைவதைச் சூளைக்காரர் நெடுங்காலமாகவே கண்டிருந்தனர். ஆயினும் சுட்ட சுண்ணாம்பின் காரத்துக்குக் காரணம், நெருப்பிலிருந்து ஏதோவொரு பொருள் கல்லினுள் ஏறியதே எனப் பலரும் நம்பினர். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த யோசப் பிளாக் என்னும் மருத்துவர் இக்கருத்தை மாற்றினார். 1754 ஆம் ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேட்டிலும், 1756 இல் வெளியிட்ட விரிவான கட்டுரையிலும் இவ்விடயம் தெளிவாகியது. மகனீசியம் காபனேற்றை நிறுத்துச் சுட்டபோது அதன் நிறையிற் பாதிக்கு மேல் குறைந்தது. ஆவியைக் குளிர்வித்துச் சேகரித்தபோது கிடைத்த நீரோ மிகச் சிறிதாயிருந்தது. எஞ்சிய இழப்பு வாயுவாகவே வெளியேறியிருத்தல் வேண்டும் என அவர் முடிவு செய்தார். அவ்வாயுவை அவர் ‘நிலைபெற்ற காற்று’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தார். அதுவே காபனீரொட்சைட்டு. சுண்ணாம்பு காரமுறுவது எதையோ பெற்றதனாலன்று, வாயுவை இழந்ததனாலேயே என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

வெப்பத்தினால் வாயுவை வெளியேற்றி அளத்தல்

காபனேற்றுக்கள் யாவும் ஒரே வெப்பநிலையிற் பிரிவதில்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் இதனைக் காணலாம். கடினக் கண்ணாடிச் சோதனைக்குழாயொன்றில் 0.5 கிராம் காபனேற்றுத் தூள் இடப்படும். குழாயின் வாயை ஒரு துளை கொண்ட இறப்பர் அடைப்பான் மூடும். துளையில் ஒரு போக்குகுழாய் செருகப்படும். அதன் மறுமுனை நீர் நிறைந்த தொட்டியிற் கவிழ்த்து வைக்கப்பட்ட அளவுசாடியினுள் மேலே உயர்ந்து நிற்கும். அளவுசாடியும் தொடக்கத்தில் நீர் நிறைந்திருக்கும். வாயு வர வர நீர் கீழிறங்கும். இறங்கிய அளவே வாயுவின் கனவளவு.

ஒவ்வொரு தூளும் ஒரே சுடரின்மேல், ஒரே உயரத்தில் வைத்துச் சூடாக்கப்படல் வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை கனவளவைக் குறித்துவரின் வேறுபாடு விளங்கும். பச்சை நிறமான செம்புக் காபனேற்று விரைவிற் கருமையாகி வாயுவை வெளிவிடும். அரை கிராமிலிருந்து சுமார் 55 கன சென்றிமீற்றர் வாயு கிடைக்கும். நாகக் காபனேற்று சூட்டில் மஞ்சளாகிப் பிரிந்து, ஆறியபின் வெண்மையாகும். மகனீசியம் காபனேற்றுக்கு இவற்றினும் கூடிய வெப்பம் வேண்டும். கல்சியம் காபனேற்றோ சாதாரண சுடரில் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். அது முற்றாகப் பிரிவதற்கு 900 பாகை செல்சியசு அளவு வெப்பம் தேவை.

இச்சோதனையிற் பிழை நேரும் இடங்கள் மூன்று. முதலாவது, சூடாக்கியதும் வரும் முதற் குமிழிகள் குழாயிலிருந்த காற்று விரிவடைந்தமையால் வருபவை. அவை காபனேற்றின் வாயுவன்று. வெறுங்குழாயைச் சூடாக்கினாலும் அவை வரும். ஆகையால் எல்லாம் ஆறி அறை வெப்பநிலைக்கு வந்தபின்னரே இறுதிக் கனவளவைக் குறித்தல் வேண்டும். இரண்டாவது, போக்குகுழாயின் முனை நீரில் அமிழ்ந்திருக்கையிற் சுடரை அகற்றினால், தொட்டி நீர் பின்னோக்கி ஏறிச் சூடான குழாயை வெடிக்கச் செய்யும். முனை அளவுசாடியினுள் நீர் மட்டத்துக்கு மேலே, வாயுவினிடையே நின்றால் நீருக்குப் பதிலாக வாயுவே திரும்பும். மூன்றாவது, காபனீரொட்சைட்டு நீரிற் கரையும் இயல்புடையது. ஒரு பங்கு நீர் ஏறக்குறைய ஒரு பங்கு வாயுவைக் கரைத்துக்கொள்ளும். ஆதலால் தொட்டி நீரை முன்னதாகவே அவ்வாயுவினால் நிரம்பலாக்கி வைத்தல் நன்று.

சோதனையிலிருந்து இரு வேறு செய்திகள் கிடைக்கின்றன. வாயு வரும் வேகம், அக்காபனேற்று வெப்பத்தை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும். மொத்தக் கனவளவோ அத்தூளில் எவ்வளவு காபனேற்று இருந்தது என்பதைக் காட்டும். சூளையில் வேலை செய்வோருக்கு முதலாவது செய்தியும், சுண்ணாம்பு வாங்கும் கமக்காரருக்கு இரண்டாவது செய்தியும் பயன்படும்.

சூளையில் நிகழ்வது

முற்காலத்தில் தென்மேற்குக் கரையோரத்தில், அம்பலாங்கொடை, ஹிக்கடுவைப் பகுதிகளில், முருகைக்கல்லைச் சுட்டே பெருமளவு சுண்ணாம்பு உண்டாக்கப்பட்டது. முருகைக்கற் பாறைகள் அழிந்ததனால் கடலரிப்பு மிகுந்தது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்தலையும் சுடுதலையும் தடுத்தன. உள்நாட்டில் மாத்தளை, திகன, பலாங்கொடை முதலிய இடங்களிலுள்ள பளிங்குருக் கல் சுண்ணாம்புக்கும் டொலமைற்றுப் பொடிக்கும் பயன்பட்டு வந்துள்ளது.

சூளையிற் கல்லும் விறகும் மாறி மாறி அடுக்கப்படும். கல்லின் புறப்பகுதி முதலிற் பிரியும். வெப்பம் உள்ளே செல்லக் காலம் பிடிக்கும். பெரிய கற்களை இட்டாலோ, விறகைக் குறைத்தாலோ நடுப்பகுதி பச்சைக் கல்லாகவே நின்றுவிடும். மேலும் வெளிவந்த வாயு கல்லைச் சூழ்ந்து தேங்கி நின்றால் பிரிகை தடைப்படும். அவ்வாயு நீங்குவதற்கு நல்ல காற்றோட்டம் வேண்டும். டொலமைற்றில் மகனீசியப் பகுதி குறைந்த வெப்பத்திலேயே வாயுவை இழக்கும். கல்சியப் பகுதி பின்னரே இழக்கும். சூடு போதாத சூளையிலிருந்து வரும் டொலமைற்றுச் சுண்ணாம்பு பாதி சுட்டதாகவும் பாதி பச்சையாகவும் இருப்பது இதனாலேயே. காபனீரொட்சைட்டு காற்றிலும் பாரமானது. எரியும் சூளையின் அருகே தாழ்வான இடத்தில் உறங்குதல் உயிருக்கு ஆபத்தானது.

அமிலத்தினால் வாயுவை வெளியேற்றுதல்

சுண்ணாம்புக்கல்லைப் பிரிக்கச் சூளையின் வெப்பம் வேண்டியிருப்பதால், தரமறிவதற்கு அமிலமே எளிய வழி. அமிலம் பட்டதும் காபனேற்று அதே வாயுவை, அதே அளவில், குளிர்ந்த நிலையிலேயே வெளிவிடும். முன்னர் கூறிய உபகரணத்தில் 0.5 கிராம் பொடியுடன் போதிய அளவு ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தைச் சேர்த்தால், தூய கல்சியம் காபனேற்றிலிருந்து ஏறக்குறைய 120 முதல் 125 கன சென்றிமீற்றர் வரை வாயு கிடைக்கும். தூய டொலமைற்றிலிருந்து சுமார் 130 கிடைக்கும். டொலமைற்று குளிர்ந்த அமிலத்தில் மெதுவாகவே தாக்கமுறும் ஆதலால் காத்திருத்தலோ, சுடுநீரில் வைத்து மிதமாகச் சூடாக்குதலோ அவசியம். சூடாக்கினால் ஆறியபின்னரே கனவளவு குறிக்கப்படல் வேண்டும்.

வாயுவின் கனவளவு நாளின் வெப்பத்துக்கும் காற்றின் அமுக்கத்துக்கும் ஏற்ப மாறும். சிறிதளவு அமிலத்திற் கரைந்தும் போகும். ஆகையால் தரம் தெரிந்த மாதிரியொன்றையும் அதே நாளில், அதே முறையிற் சோதித்து இரண்டையும் ஒப்பிடுதல் வேண்டும். தூய மாதிரி 120 கன சென்றிமீற்றரும், மூடையிலிருந்து எடுத்தது 90 கன சென்றிமீற்றரும் தந்தால், மூடையிற் காபனேற்று நூற்றுக்கு 75 பங்கு என அறியலாம்.

இதன் பொருள் பணத்தில் விளங்கும். ஒரு கமக்காரர் இரு கடைகளிலிருந்து 50 கிலோகிராம் கற்பொடி மூடைகளை வாங்குகிறார் எனக் கொள்க. ஒன்று நூற்றுக்கு 90 பங்கும் மற்றது 60 பங்கும் தரமுடையன. முதல் மூடையில் 45 கிலோகிராமும், இரண்டாவதில் 30 கிலோகிராமும் காபனேற்று உண்டு. முதல் வகையில் இரண்டு மூடைகள் செய்யும் வேலைக்கு இரண்டாவது வகையில் மூன்று மூடைகள் வேண்டும். எனவே இரண்டாவது வகை மூடையின் விலை முதலாவதின் மூன்றில் இரு பங்கிலும் குறைந்திருந்தாலன்றி அது மலிவானதன்று. ஏற்றுகூலியையும் மேட்டுக்குச் சுமக்கும் உழைப்பையும் சேர்த்தால் நட்டம் இன்னும் கூடும்.

ஒரே சோதனை, இரு தீர்ப்பு

கமக்காரர் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவாகும். கற்பொடியென்றோ டொலமைற்றென்றோ விற்கப்படும் பொருளில் வாயு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு தரம் மிகுதி. வாயு குறைந்தால் மணலோ களியோ கலந்துள்ளது எனக் கொள்ளலாம்.

சுட்ட சுண்ணாம்பென விற்கப்படும் பொருளிலோ தீர்ப்பு நேர்மாறானது. அது முன்னமே சூளையில் வாயுவை இழந்திருத்தல் வேண்டும். அமிலமிட்டதும் நுரைத்துப் பொங்கினால், அது சரியாகச் சுடப்படாதது, அல்லது நாட்பட்டுக் காற்றினாற் பழுதடைந்தது. பழுதடைந்தது முற்றும் பயனற்றதன்று. அதுவும் மண்ணின் அமிலத்தை நீக்கும். ஆயினும் நீறிய சுண்ணாம்பில் 74 கிலோகிராம் செய்யும் வேலைக்கு அதில் 100 கிலோகிராம் வேண்டும். சுட்டதற்கான விலை கொடுத்துப் பச்சைக் கல்லை வாங்கியதாகவே அது முடியும்.

சுட்ட சுண்ணாம்பில் வாயு வராமை மட்டும் போதிய சான்றன்று. சாம்பலற்ற களிமண்ணிலிருந்தும் வாயு வராது. ஆதலால் நீறாத சுண்ணாம்புக் கட்டியின்மேல் நீரூற்றிப் பார்த்தல் வேண்டும். நல்ல கட்டி சூடேறி, வெடித்து, ஊதி, மென்பொடியாக உதிரும். உதிராமல் எஞ்சும் கடினக் கருக்கள் சுடப்படாத கல். அவற்றைச் சேர்த்து நிறுத்தால் வீணான பங்கு எவ்வளவென்பது தெரியும். இதனைச் செய்கையிற் கண்ணுக்குக் காப்பு அணிதல் அவசியம். சுண்ணாம்பு கண்ணிற் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

வீட்டிற் செய்யத்தக்க சோதனை

ஆய்வுகூட வசதியில்லாதவர்களும் இரு மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடைப்பானில் மெல்லிய குழாய் செருகிய ஒரு போத்தலும், நீர் நிறைந்த தாச்சியும், அதிற் கவிழ்க்க அளவு குறித்த இன்னொரு போத்தலும் போதும். ஒரு கிராம் பொடியை மெல்லிய தாளிற் பொதிந்து, 50 மில்லிலீற்றர் தேங்காய் வினாகிரி கொண்ட போத்தலில் இட்டு உடனே மூடுதல் வேண்டும். தாள் நனைந்து பொடி வெளிப்படுவதற்குள் மூடி முடித்துவிடலாம். வாயு வருவது நின்றபின் கவிழ்த்த போத்தலில் அது எவ்வளவு சேர்ந்தது என்பது குறிக்கப்படும்.

ஒப்பிடுவதற்கான தூய பொருளாக முட்டையோடு உதவும். உள்ளே ஒட்டிய தோலை நீக்கிக் கழுவி, உலர்த்தி, நன்றாக அரைத்தால் அதில் நூற்றுக்கு 94 பங்கு அளவு கல்சியம் காபனேற்று இருக்கும். கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி இதற்கு ஏற்றதன்று. அதிற் பல வகைகள் ஜிப்சத்தினாற் செய்யப்படுபவை. பொடியைக் கரண்டியால் அளத்தலும் ஆகாது. நீறிய சுண்ணாம்பு பஞ்சுபோல் இலேசானது, கற்பொடி பாரமானது. தராசில் நிறுத்தே எடுத்தல் வேண்டும். டொலமைற்று வினாகிரியில் மிக மெதுவாகவே நுரைக்குமாதலால், டொலமைற்றை டொலமைற்றுடனேயே ஒப்பிடுதல் முறை. வாயு வெளியேற வழியில்லாத வண்ணம் எப்போத்தலையும் இறுக மூடலாகாது, அது வெடிக்கும்.

மூடையின் மேற்பகுதியிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தல் தவறு. மேல், நடு, அடி ஆகிய மூவிடங்களிலும் பல மூடைகளிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, அக்கலவையிலிருந்தே சோதனைக்கு எடுத்தல் வேண்டும்.

வாயுவினால் அறிய முடியாதது

கல்லின் நுண்மையை வாயுவின் மொத்த அளவு காட்டாது. பருமனான மணியும் நுண்பொடியும் இறுதியில் ஒரே அளவு வாயுவைத் தரும். ஆனால் வயலில் இரண்டும் ஒன்றாகா. மண்ணின் அமிலம் மென்மையானது. அது கல்லின் மேற்பரப்பை மட்டுமே தொடும். அரிசி மணியளவு கற்றுண்டுகள் பல ஆண்டுகள் கரையாது கிடக்கும். மாப்போன்ற பொடி சில கிழமைகளிலேயே வேலை தொடங்கும். ஆகவே பொடியை மெல்லிய கண்ணுள்ள அரிதட்டில் அரித்து, மேலே எஞ்சுவது எவ்வளவென்று பார்த்தலும் அவசியம்.

பொடி மண்ணிற் கரையும்போதும் அதே காபனீரொட்சைட்டே வெளியேறுகிறது. சூளையில் நெருப்புச் செய்யும் வேலையை நிலத்தில் மண்ணின் அமிலம் செய்கிறது. நுண்பொடியாக அரைத்த கல்லை இடுவோருக்கு விறகுச் செலவு இல்லை என்பதும், பயிரைச் சுடும் அபாயம் இல்லை என்பதும் இதனால் விளங்கும். விரைந்த பயன் வேண்டுமிடத்து நீறிய சுண்ணாம்பும், நீடித்த பயன் வேண்டுமிடத்து டொலமைற்றுப் பொடியும் ஏற்றவை. டொலமைற்றினால் மகனீசியமும் கிடைப்பது மழை மிகுந்த பிரதேசத்துக்கு மேலதிக நன்மையாகும்.

நிலத்தில் இடும்போது கவனிக்க வேண்டியவை

சுண்ணாம்பு இடுமுன் மண்ணைச் சோதித்தல் வேண்டும். நிலத்திற் பத்து இடங்களில் 15 முதல் 20 சென்றிமீற்றர் ஆழம் வரை மண்ணெடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, விவசாயப் போதனாசிரியர் மூலம் சோதனைக்கு அனுப்பலாம். இடவேண்டிய அளவு மண்ணுக்கு மண் வேறுபடும். அயலவர் இட்ட அளவையே தாமும் இடுதல் சரியன்று.

மரக்கறிப் பயிர்களுக்கு மண்ணின் பெறுமானம் 6 முதல் 6.5 வரை இருத்தல் பொதுவாக நன்று. நடுகைக்கு இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன் சுண்ணாம்பைச் சீராகத் தூவி மண்ணுடன் கலந்துவிடல் வேண்டும். மேலே தூவி விட்டால் மழை அதனைச் சரிவிற் கொண்டுபோய்விடும். தேயிலை அமில மண்ணையே விரும்பும் பயிர். ஆகையால் மரக்கறிப் பாத்திக்கான அளவைத் தேயிலைச் செடிகளின் அடியில் வீழ விடலாகாது.

யூரியாவையோ அமோனியம் சல்பேற்றையோ சுண்ணாம்புடன் கலந்தோ, அதே நாளிலோ இடலாகாது. நைதரசன் அமோனியா வாயுவாக மாறிக் காற்றிற் கலந்துவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் உரத்துக்குக் கொடுத்த பணம் பறந்து போவதன் அறிகுறியாகும். இரண்டுக்கும் இடையே இரண்டு கிழமையாவது செல்லுதல் வேண்டும்.

நெல் வயலில் நீர் தேங்கிய சில கிழமைகளில் மண்ணின் அமிலத்தன்மை தானாகவே குறைவது இயல்பு. ஆதலால் எல்லா நெல் வயல்களுக்கும் சுண்ணாம்பு தேவைப்படாது. இரும்பு நச்சுக் காணும் வயலில் மேட்டுக் கசிவை மறித்து வெளியேற்றும் கான்கள் வெட்டுதலே முதல் வேலை. அடுத்துப் பொற்றாசியம் உரம் குறையாமற் பார்த்தலும், மண்சோதனைப்படி சுண்ணாம்பிடுதலும், இரும்பைத் தாங்கும் இனங்களைத் தெரிதலும் வேண்டும். பொம்புவல நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட பீ.டபிள்யூ. 267-3 அத்தகைய இனங்களுள் ஒன்றாகும்.

அளவுக்கு மிஞ்சிய சுண்ணாம்பும் தீங்கானது. நாகம், போரன், மங்கனீசு ஆகிய நுண்போசணைகளை அது பயிருக்குக் கிட்டாமற் செய்யும். ஒருமுறை மிகையாக இட்டதை எளிதில் நீக்கவும் முடியாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. வெண்மை தரத்தின் அடையாளமன்று. நிறையும் வாயுவுமே சான்று.

2. கற்பொடியிலும் டொலமைற்றிலும் வாயு மிகுந்தால் தரம் மிகும். சுட்ட சுண்ணாம்பில் வாயு மிகுந்தால் தரம் குறையும்.

3. சோதனையின்போது தரம் தெரிந்த மாதிரியொன்றையும் உடன் சோதித்து ஒப்பிடுதல் வேண்டும்.

4. சுட்ட சுண்ணாம்பைக் காற்றுப் புகாத பையில், ஈரமில்லாத இடத்தில் வைத்து, அவ்வப்போது தேவைக்கு மட்டுமே வாங்குதல் நன்று.

5. பொடி நுண்ணியதா என அரித்துப் பார்த்தல் வேண்டும்.

6. மண்சோதனையின்றிச் சுண்ணாம்பிடுதலும், உரத்துடன் கலந்திடுதலும் நட்டத்தையே தரும்.

மூடையை மேட்டுக்குச் சுமந்து செல்லுமுன் ஒரு கிராம் பொடியைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரமும் சிறிது வினாகிரியுமே செலவாகும். அச்சோதனையைச் செய்யும் கமக்காரர், தாம் கொடுக்கும் விலை கல்லுக்கா, சுண்ணாம்புக்கா, மணலுக்கா என்பதை மழைக்கு முன்னரே அறிந்துகொள்வார்.